பழவேற்காட்டுக் கோட்டையும் பங்குக் கடனும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பழவேற்காட்டை அடையலாம். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உவர்நீர் ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெருமை இதற்கே உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்க, தென்கோடி மட்டும் தமிழகத்திற்கு உரியது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், புதர் மண்டிய கோட்டை மேடு, பழமையான பள்ளிவாசல்கள், அவற்றைச் சூழ்ந்த மீனவர் குப்பங்கள் ஆகியவற்றைக் கொண்டது இன்றைய பழவேற்காடு.

இவ்வூரைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மைக் காண வந்தார். மண்ணடியில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். அவருடைய தந்தையார் பழவேற்காட்டில் வலையும் கயிறும் விற்கும் சிறுகடை நடத்தியவர். வந்தவர் தயங்கியபடியே கேட்டார்: "ஹஜ்ரத், ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் பங்கை வாங்கலாம் என்று தாங்கள் பாடத்தில் சொன்னீர்கள். நானும் அப்படிப்பட்ட பங்கைத்தான் வாங்கினேன். பாதிப் பணம் என்னுடையது, மீதியைத் தரகரே கொடுத்தார். இப்போது பங்கும் இல்லை, பணமும் இல்லை. எங்கே தவறு நடந்தது?"

நாம் அவருக்கு உடனே விடையளிக்கவில்லை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று பாடம் நடத்திய நாம், எவருடைய பணத்தில் வாங்கலாம் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை. அந்தக் குறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை. அவருடைய கேள்விக்கு விடை தேடிச் சென்றபோது, அது அவருடைய ஊரின் கோட்டைக்கே நம்மை அழைத்துச் சென்றது.

கணக்கின் இயல்பு

அவர் கூறியது ஆங்கிலத்தில் 'மார்ஜின்' எனப்படும் கணக்கு. வாங்குபவர் பங்கின் விலையில் ஒரு பகுதியைத் தம் கையிலிருந்து செலுத்துவார். எஞ்சியதைத் தரகு நிறுவனம் வட்டிக்குக் கடனாகத் தரும். வாங்கிய பங்குகளே அக்கடனுக்கு அடகு. இந்தியாவில் இதற்கான விதிமுறைகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2004ஆம் ஆண்டு வகுத்து, 2017இல் திருத்தியது. அதற்கு முன் மும்பைச் சந்தையில் 'பட்லா' என்றொரு முறை நெடுங்காலம் நிலவிற்று. வாங்கிய பங்குக்கு உடனே பணம் செலுத்தாமல், வட்டி கொடுத்து அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கும் முறை அது. 2001ஆம் ஆண்டுப் பங்குச் சந்தைச் சரிவை ஒட்டி, அவ்வாண்டு ஜூலையில் அது முடிவுக்கு வந்தது.

எளிதில் விளங்குவதற்காக, மாணவரின் கணக்கை முழு எண்களாக்கிக் கூறுகிறோம். அவருடைய சொந்தப் பணம் 50,000 ரூபாய். தரகர் கொடுத்த கடன் 50,000 ரூபாய். பங்கு ஒன்று 100 ரூபாய் வீதம் 1,000 பங்குகள் வாங்கினார். பங்கு 120 ரூபாய்க்கு உயர்ந்திருந்தால் மொத்த மதிப்பு 1,20,000 ஆகும். கடன் போக 70,000 மிஞ்சும். விலை 100க்கு 20 ஏற, அவருடைய பணமோ 100க்கு 40 பெருகியிருக்கும். இந்த இரட்டிப்பே பலரையும் இதன்பால் இழுக்கிறது. ஆனால் இறங்கும்போதும் அதே இரட்டிப்பு உண்டு. விலை 80 ஆனால் அவருடைய பங்கு 30,000 மட்டுமே. வட்டி இதில் சேராது.

இவ்வளவும் பலர் அறிந்ததே. அறியப்படாதது அடுத்த பகுதி. பங்குகளின் மொத்த மதிப்பில் 100க்கு 40 பகுதியாவது வாங்கியவரின் சொந்தப் பணமாக எப்போதும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை எனக் கொள்வோம். ஒரு வாரத்தில் விலை 70க்கு இறங்கிற்று. மொத்த மதிப்பு 70,000. அதில் 40 விழுக்காடு 28,000. அவருக்கு உரியதோ 20,000. குறையும் 8,000 ரூபாயை மறுநாள் காலைக்குள் செலுத்துமாறு கைப்பேசியில் செய்தி வந்தது. மாதக் கடைசியில் சம்பளக்காரரிடம் ஏது 8,000? காலையில் சந்தை திறந்ததும் பங்குகள் அனைத்தும் 68 ரூபாய்க்கு விற்கப்பட்டன. வந்த 68,000இல் கடன் 50,000 கழிந்தது. வட்டியும் தரகும் கழித்தது போக எஞ்சியது 18,000க்கும் குறைவு. இரண்டு மாதங்களில் அதே பங்கு 104 ரூபாய்க்கு ஏறிற்று.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் கடன் வாங்காமல் தம்முடைய 50,000க்கு 500 பங்குகளை மட்டும் வாங்கியிருந்தால், விலை 68 ஆனபோது அவருடைய சொத்து 34,000 எனக் காகிதத்தில் குறைந்திருக்கும். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் 52,000 ஆகியிருக்கும். பங்கைத் தேர்ந்தெடுத்ததில் அவர் தவறவில்லை. கடன் வாங்கியபோதே காத்திருக்கும் உரிமையையும் அவர் விற்றுவிட்டார். கடனுக்கு அவர் கொடுத்த விலை வட்டி மட்டுமன்று. அவகாசத்தையும் சேர்த்தே கொடுத்தார். வட்டி ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதப்பட்டிருந்தது. அவகாசத்தின் விலை எங்கும் எழுதப்படவில்லை.

கோட்டைக்குள் முடங்கிய முதல்

பங்கை அடகு வைத்துக் கடன் பெறும் வழக்கம் எங்கே தோன்றிற்று? 17ஆம் நூற்றாண்டின் ஆம்ஸ்டர்டாமில் அது செழித்து வளர்ந்தது. அதன் வேர்களுள் ஒன்று நம் சோழமண்டலக் கரையில் இருந்தது.

1602ஆம் ஆண்டு மார்ச் மாதம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவப்பட்டது. அதன் முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாம் நகரில் மட்டும் 1,143 பேர் பணம் கட்ட முன்வந்தனர். செல்வர் மட்டுமல்லாது கைவினைஞரும் வீட்டுப் பணியாளரும் அவர்களுள் இருந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, அதாவது 1612இல், கணக்கு முடித்துக் காட்டப்படும், விரும்புவோர் தம் முதலைத் திரும்பப் பெறலாம் என்பது சாசனத்தின் வாக்குறுதி.

அதற்கு முன்னர் கடல் வணிகத்தில் நிலவிய முறை வேறு. ஒரு பயணத்திற்கு முதலீடு செய்வர். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, முதலையும் இலாபத்தையும் பங்கிட்டுக் கலைந்துவிடுவர். நம் ஃபிக்ஹு நூல்கள் 'முளாரபா' என்றும் 'கிராள்' என்றும் விரித்துரைக்கும் முறையும் இவ்வகையினதே. கெய்ரோவில் கிடைத்த கெனீசா ஆவணங்கள், இந்துமாக்கடலைக் கடந்து மலபார்க் கரைவரை இத்தகைய கூட்டு ஒப்பந்தங்கள் வழங்கியதற்குச் சான்று கூறுகின்றன. பணம் கொடுத்தவர் பணத்தை இழக்கலாம், உழைத்தவர் உழைப்பை இழக்கலாம். இழப்பு இரு தரப்புக்கும் உண்டு.

டச்சுக் கம்பெனியோ ஒரு பயணத்தோடு கலைந்துவிடும் கூட்டன்று. கிழக்கிந்தியத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கச் சோழமண்டலத் துணி வேண்டும். துணி வாங்கக் கரையில் நிலையான தளம் வேண்டும். விஜயநகர மன்னர் வேங்கடரின் அனுமதியோடு 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைந்தது. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். 1613இல் கற்கோட்டை எழுந்தது. அதுவே கெல்டிரியா. 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுவே.

கோட்டைக்கும் பீரங்கிக்கும் படைவீரருக்கும் சென்ற பணத்தைத் திருப்பித் தருவது எங்ஙனம்? 1612இல் கணக்கு முடிக்கப்படவில்லை. முதலும் திருப்பித் தரப்படவில்லை. கம்பெனியின் வேண்டுகோளை ஏற்று அரசே அந்த வாக்குறுதியிலிருந்து அதனை விடுவித்தது. கெல்டிரியா போன்ற கோட்டைகளில் முடங்கிய முதலை மீட்க முதலீட்டாளருக்கு எஞ்சியவை இரண்டே வழிகள். ஒன்று, பங்கை இன்னொருவருக்கு விற்பது. மற்றொன்று, அதை அடகு வைத்துக் கடன் பெறுவது. கம்பெனியின் பேரேட்டில் பெயர் மாற்றினால் பங்கு கைமாறிவிடும். நிலத்தையும் நகையையும் விட எளிதில் விற்கத்தக்க அடகு என்பதால் கடன் கொடுப்போர் அதை விரும்பினர். நாளடைவில், இருக்கும் பங்கை அடகு வைப்பது என்பது, கடன் வாங்கிப் பங்கு வாங்கி அதையே அடகு வைப்பது என்றாயிற்று. 1688இல் ஆம்ஸ்டர்டாம் யூத வணிகர் யோசேப் டி லா வேகா பங்குச் சந்தையைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதிய உரையாடல் நூலில் இக்கடன் முறை நன்கு வேரூன்றிய வழக்கமாகவே பேசப்படுகிறது.

ஆம்ஸ்டர்டாமில் பங்கு கைமாறிய அதே காலத்தில் பழவேற்காட்டில் என்ன நடந்தது? கம்பெனி உள்ளூர் வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்தது. அவர்கள் சுற்றுப்புறக் கிராமங்களின் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தனர். முன்பணம் பெற்ற நெசவாளர் தம் துணியை வேறொருவருக்கு விற்க இயலாது. நெல் விலையும் நூல் விலையும் ஏறினாலும் பேசிய துணியைப் பேசிய நாளில் கொடுத்தாக வேண்டும். பஞ்ச காலங்களில் இக்கரையின் ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டுப் பழவேற்காட்டிலிருந்து பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பதும் வரலாறு. சங்கிலியின் ஒரு முனையில் பங்கை அடகு வைத்தவர். மறுமுனையில் தறியையும், இறுதியில் தம்மையுமே அடகாக்கியவர். பணம் கொடுத்தவனின் நாட்குறிப்புக்கே இருவரும் கட்டுப்பட்டிருந்தனர்.

1769: சென்னையிலிருந்து சென்ற செய்தி

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், இக்கரையில் நிகழ்ந்த ஒரு போர் ஐரோப்பாவில் பங்குக் கடன் வாங்கியோரைச் சாய்த்தது. வங்காளத்தின் திவானி உரிமை 1765இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்ததும் அதன் பங்கு விலை ஏறத் தொடங்கிற்று. இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பலர் கடன் வாங்கி அப்பங்குகளைக் குவித்தனர். எட்மண்ட் பர்க்கின் உறவினர் வில்லியம் பர்க்கும், அவருடைய நண்பர் வெர்னி பிரபுவும், லாக்லின் மக்ளீனும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

1767இல் மைசூர் ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் போர் மூண்டது. கர்நாடகப் பகுதியில் ஹைதர் அடைந்த வெற்றிகளின் செய்தி 1769 மே மாதக் கடைசியில் இலண்டனை எட்டியது. பங்கு விலை சரிந்தது. கடன் கொடுத்தவர்கள் மேலும் பணம் கேட்டனர். கொடுக்க இயலாதவர்கள் வீழ்ந்தனர். வெர்னியும் வில்லியம் பர்க்கும் அந்த இழப்பிலிருந்து மீளவேயில்லை.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில், ஹைதர் தம் குதிரைப் படையோடு சென்னையின் வாயிலுக்கே வந்து கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். இலண்டன் நடுங்கியபோது சென்னையில் போர் முடிந்திருந்தது. ஆனால் அச்செய்தி கப்பலேறி இலண்டன் சேர மாதங்கள் பல வேண்டும். சொந்தப் பணத்தில் பங்கு வைத்திருந்தவர் அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கலாம். கடன் வாங்கியவர் காத்திருக்க இயலாது. அதன் பின் விலை பழைய நிலைக்கு ஏறிற்று என்று நாம் கூற வரவில்லை. கம்பெனியின் இன்னல்கள் தொடரவே செய்தன. செய்தியின் முழுமையை அறிந்து முடிவெடுக்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லாது போயிற்று என்பதே நாம் சுட்ட விரும்புவது.

1772: ஆம்ஸ்டர்டாமின் பாடம்

மூன்றாண்டுகளில் இதைவிடப் பெரிய வீழ்ச்சி வந்தது. வங்காளத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியிருந்தது. கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது. 1772இல் அது தன் இலாபப் பங்கைக் குறைத்தது. ஆம்ஸ்டர்டாமில் செப்பன்வோல்டே சகோதரர்கள், கிளிஃபர்ட் வங்கி முதலியோர் அடங்கிய ஒரு கூட்டு ஆங்கிலக் கம்பெனியின் பங்குகளைக் கடனுக்கு வாங்கிக் குவித்திருந்தது. விலை இறங்கியது, கூடுதல் பணம் கோரப்பட்டது, கொடுக்க இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அக்கூட்டு சரிந்தது. நகரின் பெரும் வங்கிகளுள் ஒன்றான கிளிஃபர்ட் முறிந்தது.

ஆம்ஸ்டர்டாம் ஆவணக் காப்பகத்தின் பழைய கடன் பத்திரங்களைக் கொண்டு இந்நிகழ்வை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்களான கூடைஸ், ஃபோத் ஆகிய இருவரும் 2016இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டது சிந்திக்கத்தக்கது. அக்கூட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஏறத்தாழ எதையும் இழக்கவில்லை. அடகுப் பங்குகளை விற்றுத் தம் பணத்தை மீட்டுக்கொண்டனர். ஆயினும் அவர்களை அச்சம் பற்றிக்கொண்டது. பின்னர் கடன் கொடுக்கும்போது முன்னைவிடக் கூடுதலான அடகைக் கோரினர். ஒரே வணிகத்தில் ஒருவர் முற்றும் அழிய, மற்றவர் அச்சத்தோடு தப்பிவிடும் ஏற்பாடு இது. கூட்டு வணிகத்தில் இவ்வாறு நிகழ்வதில்லை.

1929இல் நியூயார்க் சந்தை வீழ்ந்தபோதும் இதே கதை. பங்கின் விலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கட்டி வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கடன்காரர்கள் ஒரே நேரத்தில் விற்றதால் விலை மேலும் விழுந்தது. விழுந்த விலை மேலும் பலரை விற்கச் செய்தது. அதன் பிறகே 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் இக்கடனுக்கு அளவு விதிக்கும் அதிகாரம் அமெரிக்க மத்திய வங்கிக்குத் தரப்பட்டது. தனி மனிதரின் அவகாசமின்மை ஒன்றுசேரும்போது அது ஊரையே மூழ்கடிக்கும் வெள்ளமாகிறது.

நவாபின் கடன்

1769இல் வீழ்ந்தவர்களின் கதை நம் நாட்டிலேயே தொடர்ந்தது. இழந்ததை மீட்க அவர்களுட் சிலர் இங்கேயே வந்தனர். வில்லியம் பர்க் 1777இல் வந்து தஞ்சை மன்னரின் முகவரானார். மக்ளீன் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் முகவராகச் செயலாற்றினார். அந்த நவாபே கடனால் கட்டுண்டவர். படைச் செலவுக்காகக் கம்பெனிக்குத் தர வேண்டிய தொகையைத் தருவதற்குக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிக் கடன் வாங்கினார். அதற்கு அடகாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். அறுவடைக்கு முன்பே வரி கடன்காரருக்கு உரியதாயிற்று. மழை பொய்த்தாலும் தவணை பொய்க்கக் கூடாது. சுமை குடியானவர் தலையில் விழுந்தது. 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இக்கடன்களைக் கண்டித்து நெடிய உரையாற்றினார். எனினும் 1801இல் கர்நாடக அரசு கம்பெனியின் கைக்கு முழுமையாகப் போயிற்று. பின்னர் விசாரணைக் குழு அமைத்து ஆராய்ந்தபோது, நவாபின் பெயரால் கோரப்பட்ட கடன்களில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையென ஏற்கப்படவில்லை.

பழவேற்காடும் 1795இல் ஆங்கிலேயர் வசமாகி, 1818இல் டச்சுக்காரருக்குத் திரும்பி, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் நிலையாக ஆங்கிலேயரைச் சேர்ந்தது. கோட்டை அழிந்தது. கோட்டை கட்டிய கடன் முறை அழியவில்லை.

ஃபிக்ஹின் நோக்கு

ஷரீஅத் கடனைப் பழிக்கவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. அடகும் ஆகுமானதே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் தம் கவசத்தை அடகு வைத்துக் கோதுமைக்கு ஒப்பான தானியம் வாங்கியதை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஆகவே கடன், அடகு, பங்கு என்னும் மூன்றும் தனித்தனியே ஆகுமானவையாக இருக்க, அவை சேரும் முறையில்தான் கேள்வி எழுகிறது.

1992ஆம் ஆண்டு மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, பங்கையே அடகாகப் பெற்றுத் தரகரோ பிறரோ தரும் வட்டிக் கடனைக் கொண்டு பங்கு வாங்குதல் கூடாது என முடிவு செய்தது. மக்காவில் ராபித்தாவின் ஃபிக்ஹுப் பேரவை 2006 ஏப்ரலில் மார்ஜின் வணிகத்தைத் தனியே ஆராய்ந்து அதனைத் தடுத்தது. அது கூறிய காரணங்களுள் இரண்டு நம் பேச்சுக்கு நேரடியாக உரியவை. முதலாவது, கடனை மறுநாளுக்குக் கொண்டுசெல்லப் பெறப்படும் கட்டணம் வட்டியே. இரண்டாவது, கடன் கொடுத்தவரின் வழியாகவே வாங்கவும் விற்கவும் வேண்டும் என்னும் நிபந்தனை. இதனால் கடன் கொடுத்தவர் தரகையும் பெறுகிறார். கடனோடு விற்பனையைப் பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கடன் வழியே பயனை இழுக்கும் வாயில் அது என்பது இமாம்களின் விளக்கம்.

இவற்றோடு இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். சூரத்துல் பகராவில் வட்டியைக் கண்டிக்கும் வசனங்களை அடுத்தே, கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவருக்கு அவகாசம் கொடுக்குமாறு இறைவன் பணிக்கிறான். வட்டியின் தடையும் அவகாசத்தின் கட்டளையும் அடுத்தடுத்து அமைந்திருப்பது தற்செயலன்று. மார்ஜின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. கடன்பட்டவர் நெருக்கடியில் விழும் அந்த நாளில்தான் கூடுதல் பணம் கேட்கப்படுகிறது. கொடுக்க இயலாவிட்டால் அந்த நாளிலேயே, விலை தாழ்ந்திருக்கும்போதே, பொருள் விற்கப்படுகிறது.

மலேசியாவில் வட்டிக்குப் பதிலாக முறாபஹா முறையில் பங்குக் கடன் வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் சட்ட நுணுக்கத்தை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. ஆனால் வட்டி என்னும் பெயர் நீங்கிய பின்னும், விலை இறங்கியதும் கட்டாயமாக விற்கும் நிபந்தனை நீடிக்குமானால், நம் மாணவருக்கு நேர்ந்தது அங்கும் நேரும். எனவே பெயரைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், விற்கும் நாளைத் தீர்மானிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

தரகர் தம் பணத்திற்குப் பாதுகாப்புத் தேடக் கூடாதா என்று கேட்கலாம். தேடலாம். தம் பணம் திரும்ப வேண்டும் என எண்ணுவது குற்றமன்று. ஆயினும் ஏற்றத்தின்போது நிலையான வருவாயும், இறக்கத்தின்போது முதல் உரிமையும் ஒருவருக்கே அமையும் ஏற்பாட்டில் மற்றவர் கூட்டாளியாகார். அவர் சந்தைக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே நிற்கும் தடுப்புச் சுவர் மட்டுமே.

பாடும் முன்பணமும்

மாணவரின் ஊருக்கே மீண்டும் வருவோம். பழவேற்காட்டு மீனவரிடையே இவ்விரு வழிகளும் இன்றும் அருகருகே காணப்படுகின்றன.

முதலாவது, வியாபாரியின் முன்பணம். வலைக்கும் படகுக்கும் எஞ்சின் பழுதுக்கும் மீனவர் வியாபாரியிடம் பணம் பெறுவார். கடன் தீரும்வரை பிடிக்கும் மீனையும் இறாலையும் அவருக்கே போட வேண்டும். விலை சொல்பவர் அவர். முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரிக்குள் இறால் வரத்துக் குறையும் காலங்களில் கடன் வளரும். ஃபிக்ஹில் 'ஸலம்' என்னும் முன்பண வணிகம் ஆகுமானது. ஆனால் பொருளின் தன்மை, அளவு, விலை, தவணை நான்கும் முன்னரே தெளிவாக இருக்க வேண்டும். விலையைப் பின்னர் வியாபாரியே முடிவு செய்யும் இம்முறை ஸலம் ஆகாது. கடனைக் காட்டிப் பயனை இழுப்பதே இது. நீரிலுள்ள மீனை விற்பதைத் தெளிவற்ற வணிகத்திற்கு எடுத்துக்காட்டாக நம் இமாம்கள் கூறினர். இங்கே நீரிலுள்ள மீன் மட்டுமன்றி, அதன் விலையும் பிடிப்பவரின் நாளும் முன்னரே விற்கப்பட்டுவிடுகின்றன.

இரண்டாவது, 'பாடு' என்னும் முறை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். சீட்டுப் போட்டு முறை தீர்மானிக்கப்படும். உரிமையுள்ள குடும்பத் தலைவரைத் 'தலைக்கட்டு' என்பர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு. இம்முறையில் குறையும் உண்டு. இதற்குள் சேர்க்கப்படாத பிற மீனவர்கள் தம் உரிமையைக் கோரி நிற்பதால் பூசல்களும் எழுந்துள்ளன. ஆனால் உள்ளே இருப்பவருக்கு ஒன்று உறுதி. இன்று வலை வெறுமையாக வந்தாலும் அவருடைய முறை மீண்டும் வரும். அம்முறையை எவரும் பறிக்க இயலாது. காத்திருக்கும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பதே பாட்டின் சாரம்.

நிறைவாக

இவற்றை எல்லாம் ஒருங்கே எண்ணிய பிறகே நம் மாணவருக்கு விடை கூறினோம். பங்கு வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் யாருடையது? இழப்பு யாரைச் சேரும்? விற்கும் நாளைக் குறிப்பவர் யார்? மூன்றுக்கும் 'நான்' என்று விடை கூற இயலுமானால், தொழிலும் ஹலாலாக இருக்குமானால், குறைந்த பணத்தில் குறைந்த பங்கை வாங்கிப் பொறுமையோடு இருக்கலாம். கூட்டு வணிகமாயின் இழப்பையும் இலாபத்தையும் இருவரும் சுமக்க வேண்டும். மூன்றாம் கேள்விக்கு 'தரகர்' என்பது விடையானால், அந்த வாசலிலேயே திரும்பிவிடுவது நன்று. முதலிரண்டு கேள்விகளோடு நிறுத்தியிருந்தால்கூட அவர் தப்பியிருப்பார். அவற்றைக் கற்பிக்காமல் விட்டது நம் பிழை என்பதையும் அவரிடம் ஒப்புக்கொண்டோம்.

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு தம் தந்தையாரின் கடையைப் பற்றிக் கூறினார். குப்பத்து மீனவருக்கு வலையும் கயிறும் கடனாகக் கொடுத்து, ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பாராம். வட்டி கிடையாது. மீன் வரத்து இல்லாத மாதங்களில் நோட்டைத் திறக்கவே மாட்டாராம். "ஏரியில் இறால் வரட்டும், பிறகு கேட்போம்" என்பாராம். இருந்தும் கடை நாற்பது ஆண்டுகள் நடந்தது. வராமற்போன கடன் மிகக் குறைவு.

"அத்தா வியாபாரம் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்தேன், ஹஜ்ரத்" என்றார்.

கோட்டையின் பேரேடுகள் பல நாட்டு ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வாளர் அவற்றைப் படிக்கின்றனர். அந்தச் சிறுகடையின் நோட்டை எவரும் பாதுகாக்கவில்லை. ஆயினும் பழவேற்காட்டின் பொருளாதார வரலாற்றை எழுத முற்படுவோர் இரண்டையும் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அல்லாஹ் நன்கறிந்தவன்.